குளிர்நாட்டுக்காரருக்கு எழுதிய வழிகாட்டி: வீட்டு பியர் தொடக்கப் பெட்டி ஒன்றைப் பற்றி

வீட்டிலேயே பியர் தயாரிக்கப் பழகுவோருக்கென விற்கப்படும் ஐந்து லீற்றர் தொடக்கப் பெட்டி ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. கண்ணாடிச் சாடி, அதன் வாயை அடைக்கும் இறப்பர் தக்கை, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத எயார்லொக், உறிஞ்சு குழாய், போத்தலுக்கு மூடி அழுத்தும் கருவி, ஒரு முறைக்குப் போதுமான மூலப்பொருள்கள் ஆகியவற்றை ஒன்றாக அடுக்கி இத்தகைய பெட்டிகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. உள்ளடக்கத்தில் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லாததால் நான் பயன்படுத்தியதன் பெயரைக் குறிப்பிடவில்லை; இங்கே சொல்லும் குறைநிறைகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவிகள் தரமானவை, கொடுத்த பணத்துக்கு உரியவை. வழிகாட்டி நூல்தான் குளிர்நாட்டில் வாழ்பவருக்கென்றே எழுதப்பட்டிருக்கிறது. வெப்பநிலையைப் பற்றி அதில் இருப்பது ஒரேயொரு வரி. பியர் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

கொழும்பில் இருந்துகொண்டு இதை வாங்க எண்ணுபவர் விலையைப் பார்ப்பதற்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது இலங்கையில் குற்றம். சொந்தப் பாவனைக்கு என்று சொல்வது அதற்கு விடையாகாது. பிரித்தானியாவில் வீட்டில் பியர் தயாரிப்பதற்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் மத்திய அரசின் சட்டம் 1978இல் மாற்றப்பட்டது. அவுஸ்திரேலியாவிலும் காய்ச்சி வடிக்காதவரை சொந்தப் பாவனைக்குத் தயாரிக்கலாம். ஆகவே மோல்ட்டையும் (முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமை) ஹொப்ஸையும் (கசப்பும் வாசமும் தரும் ஒரு கொடியின் பூ) கொண்டு செய்யும் உண்மையான பியரை மெல்பேர்னில் அக்காவின் வீட்டில், அத்தானின் துணையோடு தயாரித்தேன். கொழும்புக்குக் கொண்டுவந்த கருவிகளைக் கொண்டு வெள்ளவத்தை வீட்டில் செய்தது இஞ்சிப் பானம் மட்டுமே. ஒரே பெட்டியை இரண்டு தட்பவெப்பங்களில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இதனால் கிடைத்தது.

வீட்டில் மது தயாரிப்பது என்றதும் நம்மவர் பலரின் மனத்தில் கசிப்பே முதலில் வந்து நிற்கிறது. கசிப்பு காய்ச்சி வடிக்கப்படுவது. பியரில் வடித்தல் என்ற கட்டமே கிடையாது; மதுவம் (ஈஸ்ட்) சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. மதுசாரமும் ஹொப்ஸும் அமிலத்தன்மையும் சேர்ந்து நோய்க்கிருமிகளை வளரவிடாமல் செய்வதால், கெட்டுப்போன பியர் குடிப்பவரின் முகத்தைச் சுளிக்கவைக்குமேயன்றி உயிருக்கு உலை வைப்பதில்லை. ஆபத்து வேறோரிடத்தில், போத்தலுக்குள் ஏறும் அழுத்தத்தில் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்தால் முதலில் கையில் எடுக்கத் தோன்றுவது சாடிதான். கனமான கண்ணாடி, விளிம்பில் பிசிறில்லை, வாய் சிறியது. சிறிய வாய் காற்றை ஒதுக்குவதற்கு நல்லது, கழுவுவதற்குக் கெட்டது. உள்ளே ஒட்டும் பழுப்பு வளையத்தைச் சுரண்ட வளைந்த தூரிகை ஒன்று தேவை, அது பெட்டியில் இல்லை. உறிஞ்சு குழாய் நன்றாக அமைந்திருக்கிறது. ஒருமுறை மேலும் கீழும் அசைத்தால் திரவம் தானே இறங்கத் தொடங்குவதால் வாயால் உறிஞ்ச வேண்டியதில்லை, சுத்தத்தின் பொருட்டு அது பெரிய வசதி. மூடி அழுத்தும் இரட்டைக் கைப்பிடிக் கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வேலை செய்கிறது.

இல்லாதவற்றில் முக்கியமானது ஹைட்ரோமீற்றர். சீனி கரையக் கரையக் கூடி, மதுவம் அதைத் தின்னத் தின்னக் குறையும் திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் இந்தச் சிறிய கண்ணாடிக் குழல் இல்லாமல், நொதித்தல் முடிந்துவிட்டதா என்பதைத் தொடக்கநிலையாளர் ஒருவர் உறுதியாக அறிய வழியில்லை. எயார்லொக்கில் குமிழி நின்றுவிட்டால் முடிந்தது என்று நூல் சொல்கிறது. தக்கை சற்றுத் தளர்ந்திருந்தாலும் குமிழி நிற்கும். குளிரில் மதுவம் சோர்ந்துபோனாலும் நிற்கும். முடிந்தபின் சாடி சூடேறினால் கரைந்திருந்த வாயு வெளியேறி மீண்டும் குமிழி வரும். அத்தானிடம் இருந்த ஹைட்ரோமீற்றரைக் கொண்டு அளந்தோம். தொடக்கத்தில் 1.046, முடிவில் 1.010. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை 131.25ஆல் பெருக்கினால் மதுசாரத்தின் அளவு ஏறத்தாழ 4.7 சதவீதம் என்று வருகிறது. கடைகளில் விற்கும் சாதாரண லாகர் பியரும் ஏறக்குறைய இந்த அளவுதான். கருவி பெரும்பாலும் 20 பாகை செல்சியஸுக்கு அளவிடப்பட்டிருப்பதால், 30 பாகையில் உள்ள திரவத்தில் இட்டால் 0.002 முதல் 0.003 வரை குறைத்துக் காட்டும் என்பதைக் கொழும்பில் அளப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு அவசியமான ஒன்றை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சின்னம் பொறித்த போத்தல் திறப்பான் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்திருப்பதை என்னவென்று சொல்வது!

மூலப்பொருள்களில் 600 கிராம் அளவான உலர் மோல்ட் சாறு, இரண்டு சிறு பைகளில் ஹொப்ஸ் குளிகைகள், ஒரு பை உலர் மதுவம், சுத்திகரிப்புத் தூள் ஆகியவை இருந்தன. வாற்கோதுமையை முளைக்கவைத்து, உலர்த்தி, நொறுக்கி, 65 முதல் 68 பாகை வரையிலான வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், முளையில் உருவான நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக உடைக்கும். பியரின் உடல் உருவாவது அப்போதுதான். மோல்ட் சாறு என்பது அந்த வேலையை ஆலையில் முடித்து நீரை அகற்றிக் கொடுப்பது. பழகுநர் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுவதில் தவறில்லை என்பதே என் கருத்து. இதைவிட எளிய வழியும் உண்டு: அவுஸ்திரேலியாவின் கூப்பர்ஸ் நிறுவனம் விற்கும் 1.7 கிலோ டின்னில் ஹொப்ஸின் கசப்பு ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருப்பதால், சீனியும் நீரும் சேர்த்து 23 லீற்றராகக் கலக்கி மதுவத்தைத் தூவினால் போதும். அதில் கற்றுக்கொள்வதற்கு அதிகமில்லை. ஹொப்ஸைக் கொதியின் தொடக்கத்தில் போட்டால் கசப்பும், இறுதியில் போட்டால் வாசமும் கிடைக்கும் என்பதை மூக்கால் அறிந்துகொள்ளச் சிறிய பெட்டியே சிறந்தது. முதற்பையைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டபோது அடுக்களை முழுவதும் பச்சை மருந்துக்கடை வாடை எழுந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டாவது பையைப் போட்டதும் அதே அடுக்களையில் தோடம்பழத் தோலின் மணம் வந்தது.

ஒரு சிறு குறை: சாடியின் முழுக் கொள்ளளவே ஐந்து லீற்றர். நூல் சொல்வதுபோல் கழுத்துவரை நிரப்பினால் இரண்டாம் நாள் எழும் நுரை எயார்லொக்கை அடைத்துவிடும். நாலரை லீற்றருக்கு மேல் நிரப்பாமல் இருப்பது நல்லது. அல்லது முதல் சில நாள்களுக்குத் தடித்த குழாய் ஒன்றைத் தக்கையில் செருகி அதன் மறுமுனையை நீருள்ள பாத்திரத்தில் விட்டுவைக்கலாம்.

சுத்தத்தைப் பற்றிய பகுதி நூலிலேயே மிகச் சிறந்தது. கழுவுதல் வேறு, தொற்றுநீக்கல் வேறு என்பதை அது தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருக்கும்வரை எந்தத் தொற்றுநீக்கியும் அதன் கீழே போய்ச் சேராது. ஆகவே முதலில் தூளைக் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், பின்னரே தொற்றுநீக்க வேண்டும். கொதித்து இறக்கிய நிமிடம் முதல் திரவத்தைத் தொடும் ஒவ்வொன்றும் (கரண்டி, புனல், வெப்பமானி, தக்கை, கை) தொற்றுநீக்கப்பட்டிருக்க வேண்டும். கொதிப்பதற்கு முன் இவ்வளவு அச்சம் தேவையில்லை, கொதியே எல்லாவற்றையும் கொன்றுவிடும். பெட்டியில் தரும் தூள் கழுவுவதற்கு மட்டுமே. கழுவி அலசத் தேவையில்லாத அமிலத் தொற்றுநீக்கி ஒரு போத்தலைத் தனியே வாங்கிக்கொண்டால், தொற்றுநீக்கிய பாத்திரத்தை மறுபடியும் குழாய் நீரில் அலசும் முரண்பாடு தவிர்க்கப்படும். வெளிற்றும் திரவத்தைப் பயன்படுத்துவதை நான் விரும்பவில்லை. எஞ்சும் குளோரின் மோல்ட்டில் உள்ள பீனோல் சேர்மங்களோடு சேர்ந்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரின் வாடையைப் பானத்துக்குக் கொடுத்துவிடும். கொழும்புக் குழாய் நீருக்கும் இது பொருந்தும். அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு வரும் களனி ஆற்று நீர் மென்மையானது, வெளிர்நிறப் பானங்களுக்கு உகந்தது. அதிலுள்ள குளோரினைப் போக்க முன்கூட்டியே கொதிக்கவைத்து ஆறவிட்டால் போதும்.

இனி வெப்பநிலைக்கு வருகிறேன். நூலில் உள்ள அந்த ஒரு வரி, சாடியை அறை வெப்பநிலையில் இருட்டான இடத்தில் வைக்கவும் என்பது. யாருடைய அறை என்று அது சொல்லவில்லை. பியரின் இரண்டு பெரிய வகைகளுள் ஏல் வகை மதுவங்களுக்கு 18 முதல் 22 பாகை வரை இதமானது. லாகர் மதுவங்களுக்கு 8 முதல் 13 வரை. மெல்பேர்னின் குளிர்காலத்தில் வண்டிக் கொட்டகைக்குள் வைத்த சாடியில் முதல் இரண்டு நாள்களுக்கு ஒரு சலனமும் இல்லை. அத்தான் அதைத் தூக்கிவந்து துணி துவைக்கும் அறையில் வைத்துப் போர்வை சுற்றியபின், மறுநாள் காலையில் விரற்கடை உயரத்துக்கு நுரை எழுந்து நின்றது. குளிரால் வரும் சிக்கல் அவ்வளவுதான். மதுவம் தூங்கும், எழுப்பினால் எழும், சுவை கெடாது.

வெப்பத்தால் வரும் சிக்கல் அப்படிப்பட்டதல்ல. கொழும்பு வீடு ஒன்றின் அறை இரவில் 27 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது, பகலில் 31ஐத் தொடும். நொதித்தலே வெப்பத்தை வெளிவிடும் வேலையாகையால் சாடியின் உள்ளே இன்னும் ஓரிரு பாகை கூடுதலாக இருக்கும். அந்த வெப்பத்தில் ஏல் மதுவம் வெறிகொண்டு வேலை செய்து, மிகையான வாழைப்பழ வாசத்தைத் தரும் எஸ்டர்களையும், தொண்டையை எரிக்கும் கனத்த மதுசாரங்களையும் உண்டாக்கும். இவை பின்னர் குளிரூட்டினாலும் போகாதவை. முதல் மூன்று நாள்களில் நேர்வதே இறுதிச் சுவையைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பியர் இலங்கையில் பியர் ஆலையை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தாலே இது விளங்கும். 19ஆம் நூற்றாண்டில், துறைமுகமும் வாடிக்கையாளரும் இருந்த கொழும்பை விட்டுவிட்டு, ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்கு மலைப்பாதையில் மூட்டைகளை ஏற்றிச் சென்றார்கள். அங்குள்ள குளிரும் ஊற்று நீரும் அந்தச் சிரமத்துக்கு ஈடுகொடுத்தன. குளிரூட்டும் இயந்திரங்கள் கைக்கு வந்த காலத்தில்தான் அந்தப் பியர் கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு இறங்கிவர முடிந்தது. ஆலைக்காரர் இயந்திரம் கொண்டு செய்வதை வீட்டில் எதைக் கொண்டு செய்வது?

ஈரத் துணியைச் சாடியில் சுற்றி மின்விசிறியைத் திருப்பிவிடு என்பது வெளிநாட்டு நூல்கள் பலவற்றில் உள்ள யோசனை. வறண்ட ஊர்களில் அது நன்றாகக் குளிரூட்டும். ஈரப்பதன் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும் கொழும்பில் துணியிலுள்ள நீர் ஆவியாக மனமில்லாமல் அப்படியே இருப்பதால் இரண்டு மூன்று பாகைக்கு மேல் இறங்குவதில்லை. மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் பெரிய ரெஜிபோம் பெட்டி அதைவிடப் பயன்படுகிறது. சாடியில் வெறும் நீரை நிரப்பி, அந்தப் பெட்டிக்குள் வைத்து, ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் உறையவைத்த பனிக்கட்டியைப் பக்கத்தில் நிறுத்தி, காலையிலும் மாலையிலும் மாற்றிப் பார்த்தேன்; நீர் 20 முதல் 22 பாகைக்குள் நின்றது. நொதிக்கும் திரவத்துக்கு ஓரிரு பாகை கூட்டிக்கொண்டாலும் அது தாங்கக்கூடிய அளவுதான். பெட்டி புதிதாக இருந்தால் நல்லது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பழையதன் வாடை எந்தக் கழுவலுக்கும் அசையாது.

மற்றொரு வழி, வெப்பத்தோடு போராடாத மதுவத்தைத் தேர்ந்தெடுப்பது. நோர்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டு வந்த குவைக் வகை மதுவங்கள் 30 முதல் 40 பாகை வரையிலும் சுத்தமான சுவையோடு நொதிக்கவல்லவை. அவை இப்போது உலர்ந்த பொதிகளாகவும் விற்பனைக்கு வருகின்றன. வெப்ப நாட்டு முகவரிக்கு அனுப்பும் பெட்டியில் வழக்கமான ஏல் மதுவத்துக்குப் பதிலாக இதை வைப்பது விற்பவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அந்த எண்ணம் அவர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. பவேரியாவில் 1516இல் பிறப்பிக்கப்பட்ட புகழ்பெற்ற பியர் ஆணையில் வாற்கோதுமை, ஹொப்ஸ், நீர் என்ற மூன்று மட்டுமே சொல்லப்பட்டிருந்தன, மதுவத்தின் பெயர் இல்லை. அப்படியொன்று இருப்பதே அந்நாளில் தெரியாது. இன்றைய பெட்டிக்காரர்களும் மதுவத்தை ஏறத்தாழ அதே அளவுக்குத்தான் கவனிக்கிறார்கள். பொதியில் உள்ள காலாவதித் திகதி குளிரான இடத்தில் வைத்திருந்தால் மட்டுமே செல்லும். வெயிலில் நின்ற கொள்கலனில் வந்த பொதியை நம்பாமல், இளஞ்சூடான சீனி நீரில் சிறிதளவு தூவி நுரைக்கிறதா என்று பார்த்துவிடுவது அறிவு.

கொதித்த திரவத்தை விரைவாக ஆறவைக்கும் கட்டத்திலும் இதே கதைதான். பானையைக் குழாய் நீர் நிறைந்த தொட்டியில் வைக்கச் சொல்கிறது நூல். மெல்பேர்னில் குளிர்காலக் குழாய் நீர் அரை மணி நேரத்தில் அந்த வேலையை முடித்துவிட்டது. கொழும்பில் குழாயைத் திறந்தால் வருவதே 28 பாகை நீர். அதைக் கொண்டு 20 பாகைக்குக் குளிரவைக்க எந்தத் தெய்வத்தாலும் முடியாது. பனிக்கட்டிப் பை இரண்டு வேண்டும். கண்ணாடிச் சாடி வெளிப்படையானது என்பதால் அதை வெளிச்சத்திலிருந்து மறைக்கவும் வேண்டும். ஹொப்ஸின் கசப்புச் சேர்மங்கள் வெயில் பட்டால் சிதைந்து முடைநாற்றம் வீசும். பெட்டியோடு உறையேதும் தருவதில்லை. அத்தானின் பழைய சாரம் ஒன்று அந்த வேலையைச் செவ்வனே செய்தது.

பியர் எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சற்றுக் கலங்கலாக, தேன் நிறத்தில், மெல்லிய தோடம்பழ வாசத்தோடும் நாவின் அடியில் தங்கும் கசப்போடும் இருந்தது. லயன் லாகர் குடித்துப் பழகிய நாவுக்கு முதலில் அந்நியமாகத் தோன்றும். குளிர் சற்றுக் குறைந்தபின் குடித்தால் மோல்ட்டின் பாண் மணம் தெரியவரும். அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டு, "இவ்வளவு பாடுபட்டதுக்குப் பரவாயில்லை" என்றார். அதைவிட நியாயமான தீர்ப்பை என்னால் எழுத முடியாது. கிடைப்பது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று சிறிய போத்தல்கள். பெட்டியின் விலையை அவற்றால் வகுத்துப் பார்த்தால் கடைப் பியரே மலிவு. கருவிகளை மறுபடியும் மறுபடியும் பயன்படுத்துபவருக்குத்தான் கணக்கு மாறும்.

போத்தலில் அடைக்கும் கட்டத்தில் ஒவ்வொரு போத்தலிலும் சிறிது சீனி சேர்க்கப்படுகிறது. எஞ்சியிருக்கும் மதுவம் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும், மூடியிருப்பதால் வாயு திரவத்திலேயே கரையும். லீற்றருக்கு 6 கிராம் அளவு பெரும்பாலான ஏல் வகைகளுக்குப் போதுமானது. பெட்டியில் இதற்கெனச் சீனி வில்லைகள் தந்திருக்கிறார்கள். அளக்கும் தொல்லை இல்லாததால் பழகுநருக்கு அவை நல்லவை, தீர்ந்தபின் நிறுவைத் தராசும் சாதாரணச் சீனியும் போதும். நொதித்தல் முடியாமலே அடைத்தாலோ சீனி கூடிப்போனாலோ கண்ணாடிப் போத்தல் வெடிக்கும். ஹைட்ரோமீற்றர் இல்லாததைப் பெருங்குறை என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்: மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடைக்கலாம்.

கொழும்பில் இந்தச் சாடிக்கு வேலை கொடுத்தது இஞ்சி. நொதித்தல் நமக்குப் புதியதல்ல. வெயில் ஏறுவதற்கு முன் இறக்கிய பனங்கள்ளு பிற்பகலுக்குள் புளித்துப்போகும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, வெப்பம் மதுவத்தை எவ்வளவு விரட்டும் என்று எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கருப்பநீரைப் புளிக்காமல் காத்தவர்கள் நுண்ணுயிரியலைப் படித்தா அதைச் செய்தார்கள்! பெட்டியின் நூலில் கடைசிப் பக்கத்தில் இஞ்சிப் பானத்துக்கும் ஒரு செய்முறை இருக்கிறது. துருவிய இஞ்சி 150 கிராம், சீனி 400 கிராம், தேசிக்காய்ச் சாறு, நாலரை லீற்றர் நீர், கால் தேக்கரண்டி மதுவம். அளவுகள் சரியானவை. உள்ளூர் இஞ்சி சிறியதும் நார் மிகுந்ததும் காரம் கூடியதுமாகையால் 100 கிராமே போதும். பருத்த சீன இஞ்சி என்றால் 150ஐக் குறைக்க வேண்டாம். இரண்டு கராம்பும் ஒரு துண்டு கறுவாவும் சேர்ப்பது என் சொந்த விருப்பம். பாணுக்குப் போடும் உலர் மதுவமே இதற்குப் போதும், ஏல் மதுவமும் அதுவும் ஒரே இனம்தான்.

அந்தச் செய்முறையின் இறுதி வரி மட்டும் ஆபத்தானது. போத்தலில் அடைத்து அறை வெப்பநிலையில் ஒரு வாரம் வைக்கச் சொல்கிறது. நாலரை லீற்றரில் கரைந்த 400 கிராம் சீனியில் வாயு சேர்வதற்குச் செலவாகும் பங்கு மிகச் சிறியது. மீதியெல்லாம் மதுவத்துக்கு விருந்தாகக் காத்திருக்கும். குளிரான அடுக்களையில் ஒரு வாரம் தாங்கலாம். கொழும்பில் ஒரு நாளிலேயே போத்தல் கல்லாக இறுகிவிடுகிறது. கண்ணாடியில் அடைத்து ஒரு வாரம் அலுமாரிக்குள் வைத்தால் கதவோடு சேர்த்துப் பெயர்த்துவிடும். வெறுமையான சோடாப் பிளாஸ்டிக் போத்தல்களில் மட்டுமே அடைக்க வேண்டும். காலை மாலை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுந்த மறுத்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து ஒரு வாரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குளிரில் மதுவம் ஓய்ந்திருக்குமேயன்றி இறப்பதில்லை என்பதால், வெளியே எடுத்துவைத்து மறந்துபோவதும் கூடாது. அப்படி உடனே குளிரூட்டிய பானத்திலும் அரை முதல் ஒரு சதவீதம் வரை மதுசாரம் இருக்கும். மதுவை அறவே தவிர்ப்பவருக்கு ஊற்றிக் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். சுவையைப் பொறுத்தவரை எலிபன்ட் ஹவுஸ் இஞ்சி பியரின் இனிப்பை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். இது காரமும் புளிப்பும் முன்னுக்கு நிற்கும், சற்று வண்டல் படியும் பானம். கொத்து ரொட்டியோடு குடித்தவர்களில் யாரும் குறை சொல்லவில்லை.

முழுப் பெட்டியையும் வாங்காமல் துண்டு துண்டாகச் சேர்க்க முடியுமா என்றால், இஞ்சிப் பானத்துக்கு முடியும். புறக்கோட்டையில் கண்ணாடிச் சாடியும் உணவுத்தரப் பிளாஸ்டிக் குழாயும் தேடிப் பெறலாம், நான்காம் குறுக்குத் தெருவில் சீனியும் கறுவாவும் மொத்த விலைக்கு வாங்கலாம், இஞ்சிக்கு வெள்ளவத்தைச் சந்தை போதும். எயார்லொக், ஹைட்ரோமீற்றர், அமிலத் தொற்றுநீக்கி ஆகிய மூன்றையும் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிட்டால் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கிவிடும். வெளிநாட்டில் வாழ்ந்து, அங்கே சட்டப்படி பியரே தயாரிக்கப் போகிறவர் இந்தப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். ஹைட்ரோமீற்றரும் வளைந்த தூரிகையும் ஒரு பொதி உபரி மதுவமும் அதே கட்டளையில் சேர்த்துக்கொள்ளட்டும். இறப்பர் தக்கை ஈரத்தோடு அடைத்தே வைத்தால் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிடுகிறது என்பதால், சாடியைக் கழுவி வைக்கும்போது தக்கையைத் தனியே உலர்த்தி வைக்க வேண்டும்.